காமினி என்று ஒரு பாடகி இல்லை: பழைய இந்திப் பாட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய இந்திப் படப் பாடல்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கும், அவற்றைக் கைப்பேசியில் கேட்கத் தரும் சேவைகளுக்கும்,

வணக்கம்.

1949-இல் வந்த ‘மஹல்’ படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ பாட்டு முதலில் இசைத்தட்டாக வெளிவந்தபோது, தட்டின் நடுவில் ஒட்டும் காகித லேபிளில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று இருந்தது. அப்படி ஒரு பாடகி கிடையாது. காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரம். பாடியவர் இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த லதா மங்கேஷ்கர். வானொலியில் கேட்டவர்கள் ‘யார் இந்தக் குரல்?’ என்று கடிதம் எழுதித் துளைத்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் 1950 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். அந்தப் பாட்டு ஏறிய உயரத்தை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

தட்டு வாங்குகிறவர் திரையில் பார்த்த முகத்தைத்தான் தேடுவார் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்று உங்கள் சேவைகளில் காமினி இல்லை. ஆனால் அவள் விட்டுப்போன வேலையை நீங்கள் தொடர்கிறீர்கள். இசையமைப்பாளர் பெயர் இருந்தால் பாடலாசிரியர் பெயர் இல்லை. இரண்டும் இருந்தால் ஆண்டு தப்பு. மூன்றும் சரியாக இருந்தால் பக்கத்தில் போட்ட புகைப்படம், பாடலில் தோன்றாத கதாநாயகனுடையது. வாத்தியக்காரர்களுக்கு இடமே கிடையாது.

கொழும்பிலிருந்து இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே அறிவிப்பாளர் ஊசியை வைக்குமுன் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நான்கையும் சொல்லிவிடுவார். பத்து விநாடிகூட ஆகாது. காலையில் பழைய பாட்டு நேரம் எட்டு மணியை நெருங்கும்போது பழம்பெரும் பாடகர் சைகலின் பாட்டோடு முடியும். அதற்கும் அதே நான்கு விவரம். காகித அட்டையும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

முதலில் ஆண்டை எடுத்துக்கொள்வோம், அதுதான் சுலபம். 1951-இல் வந்த படத்தின் பாட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் காட்டும் ஆண்டு, பெரும்பாலும் ஏதோ ஒரு தொகுப்புக் குறுந்தட்டு வெளியான ஆண்டாகவோ கோப்பு இணையத்தில் ஏறிய ஆண்டாகவோ இருக்கிறது. காரணம் எளிது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணில் 12 எழுத்து-இலக்கங்கள்: நாட்டுக்கு இரண்டு, பதிவாளருக்கு மூன்று, ஆண்டுக்கு இரண்டு, வரிசை எண்ணுக்கு ஐந்து. அதில் உள்ள ஆண்டு, எண் ஒதுக்கப்பட்ட ஆண்டு. பாட்டு பதிவான ஆண்டு இல்லை. தட்டச்சு செய்பவர் அதையே எடுத்துப் போட்டுவிடுகிறார். பதிவான ஆண்டு, படம் வந்த ஆண்டு, இந்தக் கோப்பு வந்த ஆண்டு என்று மூன்று கட்டம் வையுங்கள். முதலாவது தெரியாவிட்டால் வெற்றாக விடுங்கள். வெற்றுக் கட்டத்தை நாளைக்கு யாராவது நிரப்புவார். தப்பான ஆண்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்.

பெயர்களுக்கு வருவோம். ஒருவருக்கு இரண்டு பெயர், ஒரே பெயரில் இரண்டு பேர் என்று இரண்டு வகைக் குழப்பம் உண்டு. இசையமைப்பாளர் சி. ராம்சந்திரா பாடும்போது ‘சிதல்கர்’. ‘அல்பேலா’ (1951) படத்தில் லதாவோடு ‘ஷோலா ஜோ பட்கே’ பாடியவரும் அந்தப் படத்துக்கு இசையமைத்தவரும் ஒரே ஆள் என்பது உங்கள் பட்டியலுக்குத் தெரியாது. கீதா ராய், 1953-இல் குரு தத்தை மணந்தபின் கீதா தத். அவர் பாட்டுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. கய்யாம் ஆரம்பத்தில் ‘ஷர்மாஜி’ என்ற பெயரில் இசையமைத்தவர். ‘தர்த்’ (1947) படத்தில் நௌஷாத் இசையில் ‘அஃப்சானா லிக் ரஹீ ஹூ’ பாடிய உமா தேவிதான் பின்னால் நகைச்சுவை நடிகை டுன் டுன் ஆனவர். அவரைத் திரையில் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரல் தெரியும்?

மறுபக்கம், சுலோசனா என்று தேடினால் மௌனப்பட நட்சத்திரம் ரூபி மேயர்ஸும், அம்மா வேடங்களுக்குப் பேர்போன சுலோசனா லாட்கரும் ஒரே ஆளாக வந்து நிற்பார்கள். ‘சீதா ஔர் கீதா’வின் (1972) கொடுமைக்காரச் சித்தி மனோரமா வேறு, நம் ஆச்சி மனோரமா வேறு. ஆச்சியும் இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூத்தோடு ‘குன்வாரா பாப்’ (1974) என்ற இந்திப் படத்தில் நடித்திருப்பதால் கணினி இருவரையும் ஒட்டிவைக்கிறது. இதற்கெல்லாம் மருந்து, பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதை நிறுத்துவது. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழ் அவருடைய எல்லாப் பெயர்களும், எல்லா எழுத்துக்கூட்டலும். ரஃபி ஒருவருக்கே ஆங்கில எழுத்தில் முகமது என்பதை நாலு விதமாக எழுதுகிறீர்கள்.

திரையில் தோன்றியவருக்கும் தனிக் கட்டம் வேண்டும். ‘ஆர் பார்’ (1954) படத்தில் ‘கபீ ஆர் கபீ பார்’ பாட்டுக்கு வாயசைத்தவர் கும்கும், குரல் ஷம்ஷாத் பேகம். ‘பியாசா’வில் (1957) ‘சர் ஜோ தேரா சக்ராயே’ என்று எண்ணெய்ப் புட்டியோடு வருபவர் ஜானி வாக்கர். ‘கும்நாம்’ (1965) படத்தின் ‘ஜான் பெஹ்சான் ஹோ’வில் முகமூடியோடு ஆடுபவர் லக்ஷ்மி சாயா, பின்னால் வாசிப்பதாகத் தெரியும் குழு டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ். உலகமெங்கும் சுற்றிய பாட்டு அது. ஆடியவர் பெயரை உங்கள் பக்கத்தில் எங்கே தேடுவது?

இனி வாத்தியக்காரர்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

‘நாகின்’ (1954) படத்தின் ‘மன் டோலே’யில் வரும் மகுடியைக் கேட்டு நிஜப் பாம்பாட்டி யாரோ வாசித்தது என்றுதான் நாடே நம்பியது. அது கிளாவியோலின் என்ற மின் விசைக் கருவி; வாசித்தவர் பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி. ஹார்மோனியம் வாசித்தவர் ரவி, அவரும் பிறகு இசையமைப்பாளர். பாட்டின் பக்கத்தில் ஹேமந்த் குமார், லதா, ராஜேந்திர கிரிஷன் மூன்று பெயர்தான். ‘கைட்’ (1965) படத்தின் ‘மோசே சல் கியே ஜாயே’வில் தபலா வாசித்தவர் சந்தூர் மேதை ஷிவ்குமார் சர்மா. ‘சோல்வா சால்’ (1958) படத்தின் ‘ஹை அப்னா தில் தோ ஆவாரா’வில் அந்த மவுத் ஆர்கன், ஆர்.டி. பர்மன். ‘ஆராதனா’வின் (1969) ‘ரூப் தேரா மஸ்தானா’வில் மூச்சு முட்டுவதுபோல் ஏறி இறங்கும் அக்கார்டியன், கெர்ஸி லார்ட். இவர்கள் பேராவது ரசிகர்களுக்குத் தெரியும். ஷங்கர்-ஜெய்கிஷன் பாட்டுகளுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதிய கோவாக்காரர் செபாஸ்டியன் டிசோசா, அவர்களுக்குத் தாளம் அமைத்த தத்தாராம், சி. ராம்சந்திராவின் உதவியாளராக இருந்து ‘அல்பேலா’வில் தன் குழுவோடு திரையிலேயே தோன்றிய டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் ஆகியோர் உங்கள் பக்கங்களில் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? வாத்தியப் பகுதிகளை அமைப்பவருக்கான ‘அரேஞ்சர்’ என்ற கட்டமே இல்லையே.

அந்தோணி கோன்சால்வஸ் கதை இன்னும் விசித்திரம். கோவாவின் மஜோர்டாவைச் சேர்ந்த வயலின் கலைஞர், அரேஞ்சர். லக்ஷ்மிகாந்த்-பியாரேலாலில் பியாரேலாலுக்கு வயலின் ஆசான். மாணவர் தன் குருவின் பெயரை ‘அமர் அக்பர் ஆண்டனி’யில் (1977) ஒரு பாட்டாகவே வைத்தார். இப்போது அந்தப் பெயரைத் தேடினால் அமிதாப் பச்சனின் பாத்திரம் வருகிறது. 1949-இல் பாத்திரத்தின் பெயர் பாடகியை மறைத்தது. இங்கே மரியாதைக்காக வைத்த பெயரே பாத்திரமாகி ஆளை மறைத்துவிட்டது.

‘பேர் போடாவிட்டால் என்ன, பாட்டு இருக்கிறதே’ என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தைப் படியுங்கள். நிகழ்த்துகலைஞருக்குத் தன் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமை அதில் வந்தது, நல்லது. ஆனால் வரையறையில் ஒரு விலக்கு சேர்த்திருக்கிறார்கள்: படத்தில் போகிறபோக்கிலான பங்களிப்பு செய்தவர், தொழில் வழக்கப்படி எங்குமே பெயர் குறிப்பிடப்படாதவர் என்றால் அவர் நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சியைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். பெயர் போடாததால் கலைஞர் இல்லை, கலைஞர் இல்லாததால் பெயர் கேட்க முடியாது. ஐம்பது, அறுபதுகளின் பதிவுகளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது வக்கீல்களின் பாடு. நீங்கள் இன்று நிரப்பும் கட்டம் நாளைக்கு ‘எங்கும் குறிப்பிடப்படாதவர்’ என்ற சொல்லுக்கு எதிரான சான்றாக நிற்கும் என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

எப்படி நிரப்புவது? ஊகித்து நிரப்பாதீர்கள், அது வெற்றாக விடுவதைவிட மோசம். சாக்ஸபோன் கேட்டாலே மனோகரி சிங் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு வந்ததே 1958 வாக்கில். 1952 பம்பாய்ப் பாட்டில் அவர் எப்படி வாசிப்பார்? அக்கார்டியன் என்றால் கூடி சீர்வாய், புல்லாங்குழல் என்றால் ஹரிபிரசாத் சௌராசியா என்பதும் இதே ரகம்.

முதல் சான்று லேபிள். தட்டில் அச்சானதை அச்சானபடியே, எழுத்துப்பிழையோடு, ஒரு கட்டத்தில் ஏற்றுங்கள்: படம், பாட்டின் முதல் அடி, பெயர்கள், பட்டியல் எண். அப்போதைய எச்.எம்.வி. படத்தட்டுகளில் ‘என்’, கொலம்பியா தட்டுகளில் ‘ஜி.இ.’ என்று எண் தொடங்கும். லேபிளுக்கு வெளியே பள்ளம் முடியும் வெற்றிடத்தில் மேட்ரிக்ஸ் எண் பதிந்திருக்கும், அதையும் குறியுங்கள். மறுபதிப்பில் லேபிள் மாறலாம், பெயர் மாறலாம். மேட்ரிக்ஸ் எண்தான் அது எந்தப் பதிவு என்று சொல்லும். ‘காமினி’ லேபிளும் ‘லதா’ லேபிளும் ஒரே குரலா என்ற கேள்வியை இப்படித்தான் தீர்க்க முடியும்.

இரண்டாவது, படத்தின் டைட்டில். உதவியாளர்கள், ஒலிப்பதிவாளர், பின்னணி இசை எல்லாம் அங்கே தனித்தனியாக வரும். ‘பாகீஸா’ (1972) வெளிவருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1968-இல், இசையமைப்பாளர் குலாம் முகமது இறந்துவிட்டார். பின்னணி இசை நௌஷாத். ‘இசை’ என்ற ஒற்றைக் கட்டத்தில் இருவரையும் அடைத்தால் ஒருவருக்கு அநியாயம். மூன்றாவது, தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இவை நிறைய உண்டு. நான்காவது, கான்பூரிலிருந்து ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ பத்தாண்டு வாரியாகத் தொகுத்த இந்தித் திரைப்பாடல் களஞ்சியம். 1931 முதலான படங்களுக்குப் பாடல் வரிசை, பாடியவர், தட்டு எண் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து செய்ததை இத்தனை நிறுவனங்கள் சேர்ந்தும் செய்யவில்லை. கடைசியாக வாய்மொழி: வாத்தியக்காரர்களின் பேட்டிகள், அவர்கள் வீடுகளில் மிஞ்சியிருக்கும் இசைக்குறிப்புத் தாள்கள். கிரெகரி பூத் போன்ற ஆய்வாளர்கள் ஏற்கெனவே பலரிடம் பேசியிருக்கிறார்கள்.

சான்றுகள் மோதும். ‘பசந்த்’ (1942) படத்துக்கு இசை என்று பெயர் வந்தது புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷுக்கு. ஒப்பந்தச் சிக்கலால் அப்படிப் போட்டார்கள், மெட்டுகள் அவர் மைத்துனர் அனில் பிஸ்வாஸுடையவை என்று பிற்பாடு சொல்லப்பட்டது. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பெழுத உங்கள் தட்டச்சு அறை இடமில்லை. ‘அச்சில் உள்ளபடி’ என்று ஒன்று, ‘பின்னர் அறியப்பட்டபடி’ என்று ஒன்று, இரண்டுக்கும் பக்கத்தில் சான்று எது என்று ஒரு வரி. வாத்தியத்துக்கு நேரக் குறிப்பும் சேருங்கள்: எத்தனையாவது விநாடியிலிருந்து எதுவரை எந்தக் கருவி என்று. நான்கு வயலினும் ஒரு சோலோ வயலினும் உள்ள பாட்டில் ‘வயலின்: இன்னார்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது.

எந்த வடிவம் என்பதையும் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்தங்குல ‘78’ தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறையத்தான் கொள்ளும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டு தட்டில் ஒரு சரணம் இழந்திருக்கும், அல்லது இரண்டு பக்கமாக உடைந்திருக்கும். சில பாட்டுகள் இரண்டு தனிப் பதிவுகள். ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ (1938) படத்தில் சைகல் ‘பாபுல் மோரா’வைக் கேமரா முன் நடந்தபடியே நேரடியாகப் பாடினார், அதையும் தட்டையும் ஒன்றாகப் பாவிக்க முடியாது. தொண்ணூறுகளில் பழைய பாட்டுகளின் மேல் மின்தாளம் ஏற்றி ‘ஜங்கார்’ என்று விற்றீர்களே, அந்தக் கோப்புகள் இன்று மூலப் பாட்டின் பெயரிலேயே சுற்றுகின்றன. அசல் தபலாக்காரருக்குப் பெயர் இல்லாததோடு அவர் வாசிப்பும் கேட்பதில்லை. அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. பெயரை மாற்றுங்கள், அசலை முன்னால் வையுங்கள்.

சுருதி இன்னொரு தலைவலி. படம் விநாடிக்கு 24 சட்டகம். நம் தொலைக்காட்சியும் வீடியோவும் பின்பற்றிய ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 25. பல வீடியோ பிரதிகளில் படத்தை அப்படியே வேகமாக ஓட்டிவிட்டார்கள். 200 விநாடிப் பாட்டு 192 விநாடியில் முடியும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். கீதா தத் பள்ளிச் சிறுமிபோல் ஒலிப்பார். சோதிக்க வழி உண்டு: படம் பதிவானபோதே ஒலித்தடத்தில் புகுந்த மின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 52-இல் இருந்தால் வேகம் ஏறிய பிரதி. தட்டு கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டாலே தெரிந்துவிடும். தட்டும் ஒழுங்கான வேகத்தில் சுழல வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு சதவீதம் பிசகினால் ஓர் அரைச்சுரம்.

தட்டிலிருந்து எடுக்கும்போது நடக்கும் தவறுகள் மூன்று நான்குதான், ஆனால் எல்லா இடத்திலும் அவையே. பின்னாளில் வந்த நீள்நேரத் தட்டான எல்.பி.யின் ஊசியை 78 தட்டில் வைக்கிறார்கள். எல்.பி. ஊசி முனை 25 மைக்ரான், 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் தூசியோடு உருளும். கேட்பது பாட்டைவிட இரைச்சல். தேய்ந்த தட்டுக்கு 65, 75, 90 என்று ஊசிகளை மாற்றிப் பார்த்தால் சுவரில் தேயாத ஓரிடம் கிடைக்கும். அடுத்தது, தட்டை ஓட்டும்போது கீழ்ஸ்தாயியையும் மேல்ஸ்தாயியையும் சமன்படுத்தும் அளவாக ஐம்பதுகளின் நடுவில் பொதுவாகிவிட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோட்டிலேயே முப்பது நாற்பதுகளின் தட்டையும் ஓட்டுவது. மேல்ஸ்தாயி அமுங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகும். பிறகு அதைச் சரிசெய்ய டிரெபிளை ஏற்றுவார்கள், சீறல் கிளம்பும், சீறலை மென்பொருளால் வழிப்பார்கள், கடைசியில் சாரங்கியின் உராய்வு போய் நெகிழி ஒலி மிஞ்சும். மோனோ தட்டானாலும் இரண்டு சேனலிலும் எடுங்கள். பள்ளத்தின் இரு சுவரில் ஒன்று பெரும்பாலும் மற்றதைவிடச் சுத்தமாக இருக்கும், அதைத் தேர்ந்துகொள்ளலாம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், எந்த வடிகட்டலும் செய்யாத ஒரு கோப்பைத் தனியாக வைத்துவிட்டுப் பிறகு எதையும் செய்யுங்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964 வரை வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டுவரிக்கும் மெட்டுக்குமான உரிமை, படைத்தவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்பதால் அவற்றில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. உங்கள் கிடங்கில் உள்ள மூலநாடாக்கள் மட்டுமே மற்றவர்களிடம் இல்லாதவை. அவற்றின் பெட்டிகள் மேல் ஒட்டியிருக்கும் தாள்களில் தேதியும் ஸ்டுடியோவும் ஒலிப்பதிவாளர் பெயரும் எழுதியிருந்தால், ஒலியை எண்ணியமாக்கிய கையோடு அந்தத் தாள்களையும் படம்பிடித்து வெளியிடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன்.

தட்டுகளுக்கும் அதே வேண்டுகோள். அரக்கால் ஆன 78 தட்டை ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரையும், பாட்டும் அதோடு போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒன்றிரண்டு சொட்டு மென்மையான சோப்பு போதும். ஊற வைக்காதீர்கள், செங்குத்தாக நிறுத்தி உலர விடுங்கள். நீர் பட்டால் முதலில் உரியும் பகுதி நடுவில் உள்ள காகித லேபிள். கழுவப் போகும் தட்டு எதுவானாலும், முதலில் இரண்டு பக்க லேபிளையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேட்ரிக்ஸ் எண்ணும் தெரியும்.

இப்படிக்கு,
ஊசியை வைக்குமுன் லேபிளைப் படிக்கிறவர்கள்